கேலரின் இடைவார்

அன்று முன்கூடத்தில் இருந்தது நான்கு பேர்: நான், என் மனைவி விபியா, கல்தச்சன் அக்குலியஸ், ரைன் நதிக்கரைக் கோட்டையிலிருந்து வந்த டாசியஸ் என்ற சிப்பாய். ஐந்தாவதாக யாரும் இல்லை.

மேசைமேல் ஓர் இடைவார் கிடந்தது. "கேலரோடதுங்க ஐயா. சாகும்போது இடுப்பில இருந்துச்சு" என்றான் டாசியஸ்.

என் மகன் கேலர் இறந்து ஒரு மாதம். அவன் காவலில் தூங்கியதாகவும், அதற்குத் தண்டனையாக அவன் வாரைப் பிடுங்கிக்கொண்டு, அங்கி பெண்பிள்ளை போலத் தொங்கத் தளபதியின் வாசலில் நாள் முழுக்க நிறுத்தியதாகவும், அந்தக் கோலத்திலேயே அவன் எதிரியின் ஈட்டிக்குப் பலியானதாகவும் ஒரு வியாபாரி சந்தையில் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து கேலரின் நினைவுக்கல்லில் இடுப்பு மட்டும் செதுக்கப்படாமல் நின்றது. வார் இல்லாதவன் எங்கள் ஊரில் சிப்பாய் அல்ல.

"வார் போடறதா, வெறும் இடுப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க பெரியவரே, என் உளி துருப்பிடிக்குது" என்று பார்க்கும் இடமெல்லாம் கேட்டான் அக்குலியஸ்.

விபியா அழவில்லை. டாசியஸுக்கு ரொட்டியும் பருப்புக் கஞ்சியும் வைத்தாள். நல்ல கோடை, அவன் போர்வையைக் கழற்றாமலே சாப்பிட்டான். அவன் வீட்டுக்குள் வந்த சத்தம்கூட எங்களுக்குக் கேட்டிருக்கவில்லை.

"கொக்கு மாதிரி இருக்கியேப்பா, இன்னும் ஊத்தவா? என் பிள்ளை நல்ல பருமன், இதுல மூணு பங்கு சாப்பிடுவான்" என்றாள்.

நான் வாரைக் கையில் எடுத்தேன். வெள்ளி பூசிய தகடுகள், முன்பக்கம் குமிழ் வைத்த தொங்கல்கள். நடந்தால் கலகலக்கும், சிப்பாய் வருவது தெருமுனையிலேயே தெரிந்துவிடும். இருபத்தைந்து வருடம் அந்தச் சத்தத்தோடு நடந்தவன் நான்.

துளைகளை விரலால் தடவினேன். எல்லாவற்றிலும் உள்ளே தள்ளியிருந்த, இறுக்கிக் கட்டும் துளை ஒன்று மட்டும் தேய்ந்து அகன்றிருந்தது. மற்றவை புதிதாகவே இருந்தன.

அக்குலியஸ் எழுந்தான். நாளைக்கே வாரைச் செதுக்கிவிடுவதாகச் சொன்னான்.

"வேண்டாம். கல் அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

டாசியஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து விடைபெற்றான். வாசலில் அவன் போர்வையை விலக்கி, வாரை நானே அவனுக்குக் கட்டிவிட்டேன். கொக்கி தேய்ந்த துளையில் போய் உட்கார்ந்தது.

"ஐயா, கேலர் நல்லவன்" என்றான்.

"போற வழியில பாலத்துல காவல் இருக்கும், வாரைப் பாப்பாங்க. நிமிர்ந்து நடந்து போ."

தெருமுனை திரும்பும்வரை அந்தச் சத்தம் கேட்டது. விபியா கதவைச் சாத்தினாள்.

துக்கத்தில் புத்தி பேதலித்து, செத்த மகனின் வாரை வழிப்போக்கனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று அக்குலியஸ் சந்தையில் சொல்லித் திரிகிறான். தவறு. என் மகனின் வார் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.