அமுதினிக்கென்று வந்த வினாத்தாள்

பாடமும் வினாத்தாளும் அவரவர் மனதுக்கேற்றபடி தனித்தனியாக வரும் பள்ளி அது. அடுத்தவர் தாளைப் பார்ப்பது அநாகரிகம் என்றே பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள். பத்தாம் வகுப்பு அமுதினி நான்கு வருடமாகக் கணக்கில் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே இறங்கியதில்லை. ஐம்பத்திரண்டு வாங்கி முகம் வாடியிருந்த வகுப்புத் தோழி ரஹீமாவுக்குச் சொல்லித்தரலாம் என்றுதான் பேருந்தில் அவள் தாளை வாங்கினாள். ஒரு கணக்குகூடப் புரியவில்லை.

அமுதினியின் தாளைப் பார்த்த ரஹீமா, "இதெல்லாம் ஆறாங்கிளாஸ்ல போட்டதுடீ," என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

வீட்டில் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மட்டும் சுலபமான தாள் வர்றது உனக்குத் தெரியுமாம்மா?"

கத்தி நின்றது. "ஆறாவதுல பரீட்சைன்னாலே வாந்தி எடுப்பியே கண்ணு. பயப்படாத மாதிரி தாள் கொடுக்கட்டுமான்னு ஸ்கூல்ல கேட்டாங்க. சரின்னேன்."

"அது அப்போ. அப்புறம்?"

"வருஷா வருஷம் கேப்பாங்க. நானும் சரின்னுடுவேன்."

அமுதினி பயந்தது அந்த ஒரு வருடம்தான். பிறகு பயந்ததெல்லாம் அம்மா. பொறியாளர் ஆவேன் என்று இவள் சொன்னபோதெல்லாம் அம்மா தலையாட்டிச் சிரித்தது நினைவுக்கு வந்தது.

"மாத்தச் சொல்லும்மா. முட்டை வாங்கினாலும் பரவாயில்ல."

"சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்," என்றாள் அம்மா, பீன்ஸைப் பார்த்தபடி.

"இப்பவே போனை எடு. நான் பார்க்கிறப்பவே மாத்து."

அதுவரை அம்மா சொன்ன எதையும் அவள் சரிபார்த்ததில்லை.