ஒரு கம்பிக்கயிறு

நிதித்துறையின் பிரிவு அலுவலர் ஞானப்பிரகாசம் மூன்று வருடமாக எல்லா மனுக்களிலும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதிவந்தார்: "நிதிநிலை சீரான பின் பரிசீலிக்கலாம்." பெருந்தொற்றுக் காலத்தில் விழுந்த வரி வருவாய் இன்னும் முழுதாக எழுந்திருக்கவில்லை. புதிய வேலை எதிலும் கை வைக்கக் கூடாதென்பது மேலிடத்து உத்தரவு.

அன்று மலையடிவாரக் கிராமத்திலிருந்து செங்கமலம் என்ற பெண் நேரிலேயே வந்துவிட்டாள். அவர் மனுவைப் பிரிக்காமலே, "ஆத்துப் பாலம்தானேம்மா? இப்போதைக்கு முடியாது" என்றார்.

"பாலம் கேட்டது மொத வருசங்கய்யா. மறு வருசம் ஒரு பரிசலாவது குடுங்கன்னோம். அதுக்கும் இல்லன்னுட்டீங்க." அவள் குரலில் கோபமே இல்லை. "இப்ப ஒரு கம்பிக்கயிறு போதுங்க. ரெண்டு கரைக்கும் இழுத்துக் கட்டிட்டா, பிள்ளைங்க அதப் புடிச்சுக்கிட்டே பள்ளிக்கூடம் போயிரும். போன ஐப்பசியில எம்மவ, புடிக்க ஒண்ணுமில்லாமத்தான் போயிட்டா."

ஞானப்பிரகாசம் அப்போதுதான் மனுவைப் பிரித்தார். கொஞ்சமாகக் கேட்டால் கிடைத்துவிடும் என்று ஓர் ஊரே கூடி யோசித்து எழுதியிருந்தது. வழக்கமான வாக்கியத்தைத் தொடங்கியவர் அதை அடித்துவிட்டு, வேறொன்றை எழுதிக் கையெழுத்திட்டு, அவளுக்கு வாசித்துக் காட்டினார்: "கயிறு போதாது. பாலமே கட்ட வேண்டும்."

பிறகு கோப்பை எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே, செயலாளரின் அறையை நோக்கி நடந்தார்.

"ஐயா, வேணாங்கய்யா" என்று அவள் பதறிக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். "கயிறும் இல்லன்னுடுவாங்க."