துல்பாரைக் கொல்ல ஒரு பிராசஸர்

"இந்த ரெண்டுல எதை வச்சு அவனைக் கொல்றது? அதை மட்டும் சொல்லுங்கண்ணே."

மெதர் கண்ணாடி மேசை மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றியிருந்தான். மல்யுத்தம் செய்து நசுங்கிய காதுகள், எருதுக் கழுத்து. கடைக்காரர் துர்சுன் ஓர் அடி பின்னால் தள்ளியே நின்றார்.

மேசை மேல் இரண்டு அட்டைப் பெட்டிகள் இருந்தன. ஒன்று இன்டெல் பிராசஸர், இன்னொன்று ஏ.எம்.டி. பிஷ்கெக்கில் இருபது வருடமாக கம்ப்யூட்டர் சாமான் விற்கும் துர்சுன், பிராசஸருக்காக வாய்ச் சண்டை போட்டவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். இவன் கண்ணில் இருந்த வெறி வேறு.

"கேம் ஆடத்தானே தம்பி? ரெண்டுமே நல்ல சரக்கு. யாரைக் கொல்லணும்?"

"துல்பார்னு ஒருத்தன். ஆட்டத்துல பறக்குற குதிரை பேரு வச்சிருக்கான். மூணு மாசமா தெனம் என்னைச் சுட்டுத் தள்றான். அம்பது பேரு ஆடுனாலும் என்னையேதான் தேடி வந்து அடிக்கிறான். நான் செத்துக் கெடக்குறப்ப பக்கத்துல நின்னு தோப்புக்கரணம் போடுறான்ணே! என் கூட்டாளிங்க கெக்கெக்கேன்னு சிரிக்கிறானுங்க."

துர்சுனுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். மெதருக்குப் பின்னால் நின்ற அவன் மனைவி ஜிபாரைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பும் செத்துவிட்டது.

கன்னத்துக் கறுப்பை மறைக்க முக்காட்டை இழுத்து விட்டிருந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. போன ஞாயிற்றுக்கிழமை லக்மன் நூடுல்ஸில் உப்பு கூடிப்போனதற்காக அவன் முறுக்கிய கை அது.

"விளையாட்டுதானே தம்பி, இதுக்குப் போயி..." என்றார் துர்சுன்.

மெதரின் முஷ்டி இறங்கியது. மேசைக் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது.

"விளையாட்டா? ஒரு நாள் நேர்ல புடிப்பேன். பத்து விரலையும் ஒண்ணொண்ணா ஒடிச்சு அவன் வாயிலயே திணிப்பேன். புது மெஷின் போடப்போறேன், இருடான்னு எழுதிப் போட்டேன். ஒரு வாரமா ஆளையே காணோம். பயந்துட்டான் நாயி!" இன்டெல் பெட்டியைத் தட்டினான். "அவன் இதுலதான் ஆடுறானாம். எனக்கு இதுலயே அவனோடதைவிடப் பெருசு குடுங்க."

"வீட்டுல இருக்கற மதர்போர்டு எது? அதைப் பொறுத்துத்தான்..."

மெதர் விழித்தான். ஜிபார் தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்: "அது ஏ.எம்.டி. போர்டுங்க. இன்டெல் அதுல உக்காராது."

அறை விழுந்த சத்தத்தில் பக்கத்துக் கடை ரேடியோகூட நின்றது. ஜிபார் அலமாரியில் மோதி விழுந்தாள். கீபோர்டுகள் அவள் மேல் சரிந்தன.

"கேம் கிளப்புல டீ ஊத்திக் கல்லாவுல குந்துறவ, எனக்குப் புத்தி சொல்றியாடி? அடுத்தவன் எதிர்ல என்னை முட்டாளாக்குறியா?"

அடுத்து உதைக்கக் காலை ஓங்கினான். துர்சுன் மேசையைச் சுற்றி ஓடி வந்து அவன் சட்டையைப் பிடித்தார். "பொம்பளைப் புள்ளையைத் தொடாதே! கடையை விட்டு வெளிய போடா!"

மெதர் நெற்றியால் முட்டினான். துர்சுனின் மூக்கெலும்பு மளுக்கென்றது. தரையில் சாய்ந்தவரின் விலாவில் பூட்ஸ் கால் இறங்கியது. ஒன்று. இரண்டு. மூன்றாவதில் அவருக்குக் கண் இருட்டியது.

ஜிபார் தவழ்ந்து வந்து குறுக்கே விழுந்தாள். "இன்டெல்லே வாங்கிக்கலாம்! நீங்க சொன்னதுதான் சரி. எனக்கு ஒண்ணும் தெரியாது. விட்டுடுங்க!"

அதைக் கேட்டதும் அவன் மூச்சு கொஞ்சம் தணிந்தது. கையிலிருந்த நோட்டுகளை அவர்கள் மேல் விசிறியடித்துவிட்டு, இன்டெல் பெட்டியை எடுத்துக்கொண்டான்.

"இதுமேல மாட்டுற ஃபேன் ஒண்ணும் வாங்கிட்டு வா. வண்டியைத் திருப்பிக்கிட்டு வர்றேன். நான் ஹாரன் அடிக்கிறப்ப நீ வாசல்ல நிக்கணும். இல்லேன்னா இன்னொரு கையும் போயிடும்."

அவன் பூட்ஸ் சத்தம் தேய்ந்ததும் ஜிபார் முக்காட்டை அவிழ்த்துத் துர்சுனின் மூக்கில் வைத்து அழுத்தினாள்.

"போலீஸைக் கூப்பிடறேன் தங்கச்சி."

"நான் ரெண்டு தடவை கூப்பிட்டாச்சுண்ணே. ரெண்டு தடவையும் சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டாரு. அன்னிக்கு விழுந்த அடி எனக்குத்தான் தெரியும்." கடையின் உட்பக்கம் எட்டிப் பார்த்தாள். "பின்பக்கம் வழி இருக்கா?"

"இருக்கு. எல்லை தாண்டி அல்மாத்தி போற டாக்ஸிங்க நிக்கிற எடத்துக்குப் போகும்."

"அங்கதான் போகணும். அல்மாத்தியில வேலைக்குக் கூப்பிட்டு ஒரு மாசமாச்சு. எனக்குத்தான் தைரியம் வரலை."

வீட்டுச் சாவியை எடுத்து விரிசல் விட்ட கண்ணாடி மேல் வைத்தாள். மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

துர்சுன் சுவரைப் பிடித்து நடந்து போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளைத் தள்ளினார். வெளியே பனி சேறாகிக் கிடந்தது. முன்வாசலில் ஹாரன் ஒலித்தது. ஒரு முறை. பிறகு விடாமல்.

"சீக்கிரம் போயிடும்மா. நீயாவது தப்பிச்சே. அந்தத் துல்பாரு யார் பெத்த புள்ளையோ! இந்த வெறிநாய் கையில சிக்காம இருக்கணும்."

சேற்றில் கால் வைத்த ஜிபார் திரும்பிப் பார்த்தாள். கிழிந்த உதட்டில் ரத்தம் கசியக் கசியச் சிரித்தாள்.

"சிக்க மாட்டேண்ணே."