டீ நிறத் தண்ணீர்

"ஏழரைக்குக் கீழ எறங்கவே மாட்டேங்குது சுமா! சனியன் தொட்டிக்குள்ளயே குடி வந்துட்டான் போல."

பேனா மாதிரி இருந்த பிஎச் மீட்டரை உதறிக்கொண்டே சொன்னான் ஹரீஷ்குமார். சுமலதா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு மீன் தொட்டியைப் பார்த்தாள்.

அதில் இருந்தது தண்ணீர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பால் ஊற்றாத டீ மாதிரி இருந்தது. அதற்குள் ஒரு ஜோடி டிஸ்கஸ் மீன்கள், தட்டு தட்டாக, நிழல் போல நகர்ந்தன.

அமேசான் காட்டு மீன்களுக்கு ஓசூர் போர் தண்ணீர் ஆகவில்லை. முட்டை இடும், இட்ட முட்டை வெளுத்துப் பூஞ்சை பிடித்துப் போகும். தண்ணீரில் கொஞ்சம் புளிப்பு ஏறி, பிஎச் ஆறரைக்கு இறங்கினால்தான் பொரிக்கும். அதை இறக்க இயற்கையான வழி பீட். குளிர் நாட்டுச் சதுப்பு நிலங்களில் காலம் காலமாக மக்கிக் கிடக்கும் பாசி. இங்கே ரோஜாப் பண்ணைகளில் நாற்று விட வரவழைக்கிறார்கள். ஹரீஷ் அதைக் கம்பெனி கொடுத்த சாக்ஸ் ஒன்றில் திணித்து, ஃபில்டருக்குள் போட்டு வைத்திருந்தான். சிவப்புக் கோடு போட்ட சாம்பல் நிறச் சாக்ஸ்.

"ஏங்க, அந்தச் சாக்ஸோட ஜோடி எங்கே? ஊரெல்லாம் தேடிட்டேன்."

"வாஷிங் மிஷின் தின்னுருச்சு."

சுமலதா கரண்டியோடு அடுப்புக்குத் திரும்பினாள். அவளுக்கு வேறு கவலை இருந்தது.

"முட்டை பொரிச்ச மறுநாளே பேப்பர் போட்டுர்றேன்" என்று கேன்டீனில் மொத்த ஷிஃப்டுக்கும் கேட்கும்படி அறிவித்திருந்தான் ஹரீஷ். வேலையை விட்டுவிட்டு, பேரிகையில் மாமனார் நிலத்தில் மீன் பண்ணை வைப்பானாம். வருஷக்கணக்கில் கான்ட்ராக்டில் கிடந்து, இப்போதுதான் பெர்மனென்ட் ஆகி, லைன் லீடரும் ஆகியிருந்தான். அந்த வேலையை இரண்டு மீன்களை நம்பி விடுவதில் சுமலதாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. ஆனால் வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற ஆள்.

காலிங் பெல் அடித்தது. தோளில் ஒரு மூட்டையோடு சென்றாயன் நின்றான். ஹரீஷின் லைனில் வேலை செய்பவன். லீடர் நாற்காலி காலியானால் அடுத்து உட்காரப் போகிறவன்.

"வாங்கண்ணா, டீ போடட்டுமா?"

"என்னாத்துக்குத் தங்கச்சி வீண் சிரமம்? தொட்டியில ஒரு டம்ளர் மொண்டு குடு, போதும்." மூட்டையை இறக்கினான். "டேய், எங்க சித்தப்பன்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி, ரோஸ் பண்ணையிலிருந்து இன்னொரு மூட்டை பீட் தூக்கினு வந்திருக்கேன். இன்னும் எறங்கலையா?"

"எறங்கலடா."

"அங்க கம்பெனியில உன்னை வழியனுப்ப மாலைக்கே ஆர்டர் குடுத்தாச்சு. இனி நீயே வேணாம்னாலும் பசங்க விடமாட்டானுங்க."

ஹரீஷ் சிரித்தான். கொஞ்சம் அதிக நேரம் சிரித்தான்.

"எல்லாம் இந்தப் போர் தண்ணிதான்டா காரணம்."

"அது எப்படி? எங்க வீட்லயும் இதே போர் தண்ணிதான். பக்கெட்ல இதே பீட்டைப் போட்டுப் பாத்தேன். ஆறரைக்கு வந்துருச்சே!"

சுமலதா கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள கல்லு கில்லு ஏதாச்சும் கெடக்குதா?"

"பர்கூர் கிரானைட் ஒண்ணு இருக்குது. அது தண்ணியை ஒண்ணும் பண்ணாது. மார்பிளா இருந்தாத்தான் கரைஞ்சு கரைஞ்சு பிஎச்சை ஏத்தி விட்டுரும்."

"அப்ப நாளைக்கு லீவுதானே? தண்ணி மொத்தத்தையும் எறக்கிட்டு, அடிவரைக்கும் அலசிப் பாத்துர்லாம்."

"வேணாம்!" என்றார்கள் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில்.

சென்றாயன் இருவரையும் பார்த்தான்.

"மீனு பயந்துக்கும்" என்றான் ஹரீஷ்.

"ஹாலெல்லாம் ஈரமாயிடும்ணா" என்றாள் சுமலதா.

"நான் தொடைச்சுக் குடுக்கறேன் தங்கச்சி. காலையில பக்கெட்டோட வர்றேன். எது தடுக்குதுன்னு பாக்காம விடறதில்ல."

"சரி, வா, கடையில போய் டீ குடிக்கலாம்" என்று அவன் தோளில் கை போட்டு வெளியே தள்ளிக்கொண்டு போனான் ஹரீஷ்.

பைக் சத்தம் தெரு திரும்பும்வரை சுமலதா காத்திருந்தாள். பிறகு நைட்டியின் கையை மடித்துவிட்டு, தொட்டிக்குள் முழங்கை மறையக் கையை விட்டாள்.

மார்பிள் பாடத்தை ஹரீஷ் தொட்டி வாங்கிய அன்றே அவளுக்கு நடத்தியிருந்தான். அவள் கணவன் சொல்வதைக் கவனமாகக் கேட்கிறவள். சாமி அலமாரிக்குப் பதித்து மிஞ்சிய மார்பிள் துண்டுகளைப் பழைய துப்பட்டாத் துணியில் முடிந்து, தொட்டிக்குள் பின்பக்கம் கிடந்த மரக்கட்டைக்கு அடியில் செருகியிருந்தாள். டீ நிறத் தண்ணீரில் யார் கண்ணுக்கும் தெரியாது.

விரல்கள் துழாவின. கட்டைக்கடியில் முடிச்சு தட்டுப்பட்டது. இழுத்தாள்.

அவள் வைத்தது ஒரு முடிச்சு. கையோடு வந்தது இரண்டு.

இரண்டாவது, வாஷிங் மிஷின் தின்றுவிட்ட சிவப்புக் கோடு போட்ட சாக்ஸ். உள்ளே, அவள் போட்டதைவிட இரண்டு மடங்கு மார்பிள்.