ஈ மேல் ஒரு மனு

ஷெட்டுக்குள் காலை வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தரையெல்லாம் ஈரம்.

கையில் தண்ணீர்க் குழாயோடு பண்ணைக்காரர் பொங்கியண்ணன் நின்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"ஆபீசரு வர்றாருங்கல்ல அம்மணி. கூண்டுக்கடியில எருவெல்லாம் நல்லாத் தண்ணியடிச்சு உட்டுட்டனுங்க. வூட்டுக்கு விருந்தாளி வந்தா வாசத் தெளிக்கறமல்லங்க, அதாட்ட."

அவள் பக்கத்திலிருந்த தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மாசு விதிகளுக்குத் தக்கபடி பண்ணைகளைத் திருத்தித் தருவது அவள் தொழில். விதிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. கோழிப்பண்ணைக்காரர்களிடம் அவள் சொல்வது ஒரே வரிதான்: எருவில் தண்ணீர் படக்கூடாது.

காய்ந்த எரு சாது. நனைந்தால் நாறும். நனைந்தே கிடந்தால் ஒரு வாரத்தில் ஈ.

நான்கு மாதமாக இதற்குத்தான் மல்லுக்கட்டினாள். சொட்டிய குழாய்களையெல்லாம் மாற்ற வைத்தாள். எருவைக் கிளற வைத்தாள். சுண்ணாம்புத்தூள் தூவ வைத்தாள். பொங்கியண்ணன் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்தார். ஈ குறைந்தது. போன மாதம் அவள் கட்டித் தொங்கவிட்ட பசை அட்டையில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஒட்டியிருந்தது.

வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்தது.

திட்டவும் மனசு வரவில்லை. மனிதர் அதிகாரிக்காகச் சலவை வேட்டி கட்டியிருந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் பாவாயி வீடு. சோற்றுத் தட்டில் ஈ விழுகிறது என்று கலெக்டரிடம் மனு கொடுத்தவள் அவள்தான். அதை விசாரிக்கத்தான் இன்று அதிகாரி வருகிறார். மனு உண்மை என்று எழுதிவிட்டால் பண்ணைக்கு அனுமதி கிடையாது. எட்டாயிரம் கோழியையும் விற்றுவிட்டு ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். பொங்கியண்ணனுக்கு வேறு பிழைப்புத் தெரியாது.

ஜீப் வந்தது.

அதிகாரி இறங்கினார். ஷெட்டைப் பார்க்கும் முன்பே கைக்குட்டையை எடுத்தார்.

அவள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. மூன்று நாளில் காய வைக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார்.

"இது நாத்தம்மா. மனு ஈயைப் பத்தினது. மனு குடுத்தவங்களையே கேட்டுருவோம்."



பாவாயி என்ன சொல்வாள் என்று அறிய ஜோசியமா பார்க்க வேண்டும்? இரண்டு வருடமாகப் பொங்கியண்ணன் இருக்கும் திசையில் அவள் முகத்தைக்கூடத் திருப்பியதில்லை.

பொங்கியண்ணன் வேலியோடு நின்றுகொண்டார். அதிகாரியும் அவளும் பாவாயி வீட்டுக்குள் போனார்கள்.

பாவாயி வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை எண்ணெய். முன்னால் இரண்டாகப் பிளந்த கொல்லிமலைப் பலா. பக்கத்து முறத்தில் சுளைகள் மஞ்சள் மஞ்சளாகக் குவிந்திருந்தன. வாசனை கோழி எருவையே அடக்கிவிட்டது.

கேள்வி வரும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"வாங்க சார். ஈ குறைஞ்சிருச்சான்னுதான கேக்கப் போறீங்க? எங்கீங்க குறையுது? பொழுதன்னிக்கும் ஈதானுங்க. ஒரு வாய் சோறு நிம்மதியாத் திங்க முடியுதுங்களா? உக்காந்தா ஈ, எந்திரிச்சா ஈ."

பேசிக்கொண்டே சுளையை உரித்துக்கொண்டிருந்தாள். ஒன்று முறத்துக்கு, ஒன்று வாய்க்கு.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

எழுதவில்லை.

முறத்தைப் பார்த்தார். பிளந்த பழத்தைப் பார்த்தார். பால் ஒழுகிக் கிடந்த சாக்கைப் பார்த்தார். பலாச்சுளை இருக்கிற இடத்துக்கு ஈயை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஈ ஒன்றைக்கூடக் காணோம்.

அதிகாரியோடு வந்தவளும் பார்த்தாள். மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

"ஒரு சொளை எடுத்துக்கங்க சார்," என்றாள் பாவாயி.

அதிகாரி எடுத்தார். வாயில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் இருக்கும். வேப்பமரத்தில் ஏதோ குருவி கத்தியது.

பாவாயி அவர் கையைப் பார்த்தாள். தன் முறத்தைப் பார்த்தாள்.

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

அதிகாரி சுளையைத் தின்றார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். பேனாவை மூடிப் பைக்குள் செருகினார்.

கூட வந்தவளுக்கு ஓடிப்போய்ப் பொங்கியண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம்.



பாவாயி முறத்தில் தேடினாள். பெரிய சுளையாக நாலைந்து பொறுக்கி ஒரு பூவரச இலையில் வைத்தாள். எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு வேலி வரைக்கும் நடந்தாள்.

இலையை வேலிக்கு மேலே பொங்கியண்ணனிடம் நீட்டினாள்.

"கொட்டைய வீசிறாத. எடுத்து வெய்யி. கொழம்புக்கு ஆவும்."