மொட்டைமாடியில் எட்டுப் படங்கள்

"இவங்களா எடுக்கப் போறாங்க? ஏன், நீங்களே எடுக்கக் கூடாதா?"

ஹோட்டல் மேனேஜர் கேட்டது அவளுடைய கணவனிடம். கேமராப் பையோடு பக்கத்தில் நின்றவளை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

"எனக்கு எடுத்த படங்களைக் கம்ப்யூட்டர்ல ஒட்டத்தான் சார் தெரியும். எடுக்கிறது அவதான்," என்றான் அவன்.

"என்கிட்டயே கேளுங்க சார். பதில் சொல்றேன்," என்றாள் அவள்.

மூன்று வருடங்களுக்குப் பிறகு அவள் கேமராவைத் தொடுகிற முதல் வேலை இது. மகளைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தால் என்ன, எதற்கு இந்த வீம்பு என்று புறப்படும்போதுகூட மாமியார் முணுமுணுத்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த ஒரு மாடி சரியாக வந்தால் கம்பெனியின் மற்ற ஒன்பது ஹோட்டல்களும் அவளுக்கு. சொதப்பினால், இனி யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

திரையில் விரலால் இழுக்க இழுக்க, மாடியில் நின்று ஊரையே சுற்றிப் பார்ப்பதுபோல் திரும்புகிற படம் கேட்டிருந்தார்கள். அதுவும் இரவில். முக்காலியில் கேமராவைத் திருப்பித் திருப்பி எட்டுப் படங்கள், மேலே வானத்துக்குத் தனியாக ஒன்று. அத்தனையும் ஒட்டுத் தெரியாமல் சேர வேண்டும்.

மாடி விளக்குகளை அணைக்கச் சொன்னாள். மேனேஜர் அரைமனதோடு அணைத்தார்.

"என் பின்னாலயே நகர்ந்து வாங்க சார். அங்கயும் இங்கயும் போனா படத்துல நாலு மேனேஜர் வந்துடுவாங்க. ஒருத்தரைச் சமாளிக்கவே பெரும்பாடா இருக்கு."

படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் கணவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. மேனேஜர் சிரிக்கவில்லை. நல்ல கோணமாகப் பார்த்து எடுக்க வேண்டுமே என்று கதவுக்குப் பின்னால் இருந்தவனிடமே இழுத்தார்.

"இதுல கோணமே கிடையாது சார். சுத்தி இருக்கிறது மொத்தமும் வந்துடும். எதைப் பார்க்கணும்னு பார்க்கிறவங்க முடிவு பண்ணட்டும்."

திருப்பினாள். கேமரா 'டக்'கென்று முக்காலியின் தலையில் வெட்டியிருந்த அடுத்த பள்ளத்தில் உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தி, அசையாமல் பதினைந்து எண்ணினாள். மறுபடி 'டக்'. மாலையிலேயே வந்து அந்த மாடியை மூலை மூலையாக நடந்து பழகியிருந்தாள். மேனேஜர்தான் குழாய் தடுக்கி அவள் பையைப் பிடித்துக்கொண்டார். இடது பக்கம் இன்னொரு குழாய் இருக்கிறது, காலைத் தூக்கி வையுங்கள் என்றாள்.

மறுநாள் மாலை மேனேஜரின் அறை. விடிய விடிய உட்கார்ந்து கணவன் சேர்த்திருந்த படத்தை அவர் இடமும் வலமுமாக இழுத்தார். மேலே, கீழே. பத்து நிமிடம் குறை தேடினார். ஒரு விளக்குக் கம்பம்கூட உடையவில்லை. ஒரு தெருகூட விலகவில்லை.

"எங்கயுமே ஒட்டுத் தெரியலையேம்மா," என்றார். முதல் தடவையாக அவளிடமே பேசினார். "பாலத்து மேல விளக்கெல்லாம் கோத்து வச்ச மாதிரி இருக்கு. இங்க பாருங்களேன்..."

திரையை அவள் பக்கம் திருப்பியவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவாயில்ல சார், நீங்க பார்த்தா போதும்," என்று எழுந்தவள், மடித்து வைத்திருந்த வெள்ளைக் கோலை உதறி நீட்டினாள். "அடுத்த ஹோட்டல் எதுன்னு மட்டும் சொல்லுங்க. மாடிப்படியை நான் எண்ணிக்கிறேன்."