வீட்டுப் பழம்

நாலு பழம் எடுத்தாள். ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை.

அரிவாள்மணையில் முதல் தக்காளியை வைத்ததும், கை தானாக ஓரத்தைச் செதுக்கப் போனது.

செதுக்க அங்கே ஒன்றுமில்லை.

கையைச் சொல்லி என்ன, பாவம். இத்தனை வருஷமாக அதற்கு வந்து சேர்ந்ததெல்லாம் வெடித்தது, நசுங்கியது, புழு தொட்டது. தரம் பிரிக்கும்போதே அதையெல்லாம் ஒதுக்கி, ‘வீட்டுப் பழம்’ என்பார்கள். நல்லது சந்தைக்கு.

நல்ல பழம் இந்த அடுப்பில் ஏறுவது விருந்தாளி வந்தால் மட்டும்தான்.

நேற்றைய மழையில் தரைப்பாலம் முங்கிவிட்டது. காய் ஏற்ற வந்த வண்டி அக்கரையோடு திரும்பிப் போயிற்று. பறித்த பழமெல்லாம் கொட்டகையில், பெட்டி பெட்டியாய். விடிந்தால் கசிய ஆரம்பிக்கும்.

தண்ணீர் வடிகிறதா என்று புருஷன் காலையிலிருந்து ஓடைக்கரையிலேயே நிற்கிறான். ஒரு வாய் சாப்பிடவில்லை. இரண்டு தடவை போய்க் கூப்பிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஓடையை வடிய வைக்க அவளால் ஆகாது.

ரசம் வைக்கலாம்.

பொழுது சாயும்போது வந்தான். முழங்கால் வரை சேறு. காலைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தவன், அரிவாள்மணையைப் பார்த்து நின்றான். கடைசிப் பழம், பாதி அரிந்தபடி. சிவப்பாய், ஒரு கீறல் இல்லாமல்.

சட்டென்று திரும்பினான்.

கொடியில் கிடந்த சட்டையை உதறிப் போட்டான். அவசரத்தில் பொத்தான் மாறிப் போயிற்று. ஈரக்கையால் தலையைக் கோதிக்கொண்டு வாசலை எட்டிப் பார்த்தான்.

வாசலில் செருப்பு எதுவும் இல்லை.

குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“யாரு வந்திருக்கா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு மட்டும் வந்திருந்தால் தேவலை.

முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு ஒரு தட்டு வைத்தாள். பக்கத்திலேயே இன்னொன்று.

“ரெண்டு பேருதான். வந்தாச்சு. உக்காருங்க.”

அவன் தட்டுகளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தான்.

ஓடையின் இரைச்சல் வீடு வரைக்கும் கேட்டது. ரசம் கொதித்து இறங்கியதும், குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான்.

மறுசோறு போடப் போனாள். போதும் போதும் என்று, விருந்துக்கு வந்தவன் மாதிரியே, தட்டின் மேல் கையை மறித்தான்.

அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, அவள் போட்டாள்.